சார்லட் ஏன் சம்மதித்தாள்? அன்பில்லாத ஒரு வசதிக் கல்யாணத்தின் கணக்கு

ஜேன் ஆஸ்டனின் 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' நாவல் 1813இல் வெளிவந்தது. அதை ஆறு பகுதிகள் கொண்ட புதிய தொடராக எடுக்கப்போவதாக 2025இல் நெட்ஃபிளிக்ஸ் அறிவித்தது. இந்தக் கதையின் புதிய தழுவல் ஒன்று வரும்போதெல்லாம், நாயகி எலிசபெத்தும் நாயகன் டார்சியும் எப்படிச் சேர்ந்தார்கள் என்ற பேச்சோடு கூடவே இன்னொரு கேள்வியும் கிளம்பிவிடுகிறது. எலிசபெத்தின் நெருங்கிய தோழியும் புத்திசாலியுமான சார்லட் லூகஸ், தற்பெருமையும் அசட்டுத்தனமும் முகத்துதியும் ஒன்றாய்க் கலந்த காலின்ஸ் என்ற பாதிரியாரைப் போய் எதற்காக மணந்துகொண்டாள்?

நாவலைப் படித்தவர்கள் ஒரு பதிலும், 1995ஆம் ஆண்டின் பிபிசி தொடரைப் பார்த்தவர்கள் இன்னொரு பதிலும், 2005ஆம் ஆண்டுத் திரைப்படத்தைப் பார்த்தவர்கள் மூன்றாவது பதிலும் சொல்கிறார்கள். இவர்களில் யாரும் தவறாகச் சொல்லவில்லை. அந்தத் திருமணம் ஓர் ஒப்பந்தம் என்பதும், ஒவ்வொரு தழுவலும் அந்த ஒப்பந்தத்தின் ஏதோ ஒரு சரத்தை மாற்றி எழுதியிருக்கிறது என்பதும்தான் குழப்பத்துக்குக் காரணம். ஆகவே மூல ஒப்பந்தத்தில் என்ன இருந்தது என்பதை முதலில் பார்த்துவிடுவது நல்லது.

எதை வசதிக் கல்யாணம் என்கிறோம்?

மூன்று வெவ்வேறு நிலைமைகளை நாம் ஒரே பெயரால் அழைத்துவிடுகிறோம்.

1. கட்டாயத் திருமணம்: மணமக்களில் ஒருவருக்கு மறுக்கும் வழியே இல்லை.

2. பெரியவர்கள் பேசி முடிக்கும் திருமணம்: தேர்வு குடும்பத்தினுடையது, சம்மதம் மணமக்களுடையது. அன்பு பின்னால் வரலாம் என்ற எதிர்பார்ப்பு இதில் உண்டு.

3. வசதிக் கல்யாணம்: மணப்பவரே கணக்குப் பார்த்து, அன்பு இல்லை என்று தெரிந்தே, அதற்குப் பதிலாகக் கிடைப்பது போதும் என்று முடிவெடுக்கிறார்.

சார்லட்டின் திருமணம் மூன்றாவது வகையைச் சேர்ந்தது. அவளை யாரும் வற்புறுத்தவில்லை; காலின்ஸ் வீட்டை நோக்கி வருவதை மாடி ஜன்னல் வழியாகப் பார்த்ததும், தெருவில் அவரைத் 'தற்செயலாக' சந்திப்பதற்காக அவளே உடனே கிளம்பிப் போகிறாள். அந்த ஒரு வாக்கியத்திலேயே ஆஸ்டன் அவள் மனத்தைத் திறந்து காட்டிவிடுகிறார். அதற்குச் சற்று முன்புதான் காலின்ஸ் எலிசபெத்திடம் கேட்டு மறுக்கப்பட்டிருந்தார். மூன்று நாட்களுக்குள் இரண்டு பெண்களிடம் அவர் திருமணம் பேசியது எலிசபெத்துக்கு விசித்திரமாகத்தான் பட்டது. ஆனால் இரண்டாவது பெண் ஒப்புக்கொண்டதுதான் அவளுக்கு அதைவிடப் பெரிய அதிர்ச்சி.

இதில் பலரும் கவனிக்கத் தவறும் ஒன்று உண்டு. வசதிக் கல்யாணம் என்பதை இருவரும் தெரிந்தே செய்துகொள்ளும் உடன்பாடாகத்தான் நாம் எண்ணுகிறோம். இங்கே ஒரு தரப்புக்கு மட்டுமே அது தெரியும். தனக்கும் தன் சார்லட்டுக்கும் ஒரே மனம், ஒரே சிந்தனை என்று காலின்ஸ் பின்னால் மனதார நம்பிச் சொல்கிறார். அவரை ஏமாளி என்று கருதிச் சிரிப்பதா, அவருக்காகக் கொஞ்சம் வருந்துவதா என்பது வாசகரின் மனநிலையைப் பொறுத்தது.

சட்டம் என்ன சொன்னது?

அன்றைய இங்கிலாந்தில் 'கவர்ச்சர்' என்றொரு சட்டக் கோட்பாடு நடைமுறையில் இருந்தது. திருமணமானதும் மனைவியின் சட்டபூர்வமான இருப்பு கணவனுடைய இருப்புக்குள் அடங்கிவிடுகிறது என்பது அதன் சாரம். கணவனும் மனைவியும் சட்டத்தின் பார்வையில் ஒரே ஆள் என்று, 1765இல் வெளிவரத் தொடங்கிய தம் சட்ட விளக்க நூலில் வில்லியம் பிளாக்ஸ்டன் எழுதினார். நடைமுறையில் இதன் பொருள், மனைவி கொண்டுவரும் ரொக்கமும் பொருள்களும் கணவனுடையவை ஆகிவிடும், அவளுடைய நிலத்தின் வருமானம் அவன் கைக்குப் போகும், அவள் பெயரில் தனியாக ஒப்பந்தம் செய்துகொள்ள முடியாது என்பதாகும். வசதியுள்ள குடும்பங்கள் அறங்காவலர்களை நியமித்து, திருமணத்துக்கு முன்பே பத்திரம் எழுதி, பெண்ணின் பங்கைக் காப்பாற்றிக்கொண்டன. மற்றவர்களுக்கு அந்தப் பாதுகாப்பு 1870, 1882 ஆகிய ஆண்டுகளில் இயற்றப்பட்ட சட்டங்களின் வழியாகத்தான் வந்தது. முதல் சட்டம் மனைவியின் சம்பாத்தியத்தை அவளுடையதாக்கியது, இரண்டாவது அவளுடைய சொத்து முழுவதையும் அவளிடமே விட்டது.

திருமணத்திலிருந்து வெளியேறும் வழியும் ஏறக்குறைய அடைபட்டிருந்தது. 1857 வரை, மறுமணம் செய்துகொள்ள இடம்தரும் முழுமையான மணவிலக்கு வேண்டுமென்றால் நாடாளுமன்றத்தில் அதற்கென்றே தனிச் சட்டம் நிறைவேற்ற வேண்டும். அந்த முறை நீடித்த ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளில் முந்நூற்றுச் சொச்சம் மணவிலக்குகளே கிடைத்தன. அவற்றுள் பெண்கள் கேட்டுப் பெற்றவை 4 மட்டுமே. 1857ஆம் ஆண்டுச் சட்டமும் சமநீதி தரவில்லை. மனைவியின் கள்ளத்தொடர்பை நிரூபித்தால் கணவனுக்குப் போதும். மனைவியோ கணவனின் கள்ளத்தொடர்போடு கொடுமை, கைவிடல் போன்ற இன்னொரு குற்றத்தையும் சேர்த்து நிரூபிக்க வேண்டியிருந்தது. இந்த வேறுபாடு 1923இல்தான் நீங்கியது.

இத்தனை இழப்பு இருந்தும் பெண்கள் திருமணத்தையே நாடியது ஏன் என்று கேட்கலாம். மணமாகாத பெண்ணுக்குச் சொத்து வைத்துக்கொள்ளும் உரிமை சட்டப்படி முழுமையாகவே இருந்தது. வைத்துக்கொள்ளச் சொத்துதான் இல்லை.

கணக்கைப் போட்டுப் பார்த்தால்

ஆஸ்டனின் நாவல்களில் தொகைகள் அலங்காரத்துக்காக வருவதில்லை. எலிசபெத்தின் தந்தை பென்னட்டின் ஆண்டு வருமானம் 2,000 பவுண்டு. அது லாங்போர்ன் பண்ணையிலிருந்து வருகிறது. அந்தப் பண்ணையோ 'என்டெய்ல்' எனப்படும் வாரிசுக் கட்டுக்குள் இருக்கிறது. அதாவது, சொத்தை இப்போது வைத்திருப்பவர் அதன் வருமானத்தை ஆயுள் முழுதும் அனுபவிக்கலாம். ஆனால் தன் விருப்பம்போல் மகளுக்கு எழுதிவைக்க முடியாது, அவருக்குப் பின் ஆண் வாரிசுக்கே அது போகும். பென்னட்டுக்கு ஐந்து மகள்கள், மகன் இல்லை. எனவே தூரத்து உறவினரான காலின்ஸ் வாரிசாகிறார்.

பென்னட் இறந்துவிட்டால் குடும்பத்துக்கு மிஞ்சுவது, திருமணப் பத்திரத்தின்படி தாய்க்கும் மகள்களுக்கும் ஒதுக்கப்பட்ட 5,000 பவுண்டு. அதை 4 சதவீத வட்டிக்குப் போட்டால் ஆண்டுக்கு 200 பவுண்டு வரும். இரண்டாயிரத்தில் வாழ்ந்த வீட்டில் அதில் பத்தில் ஒரு பங்கைக் கொண்டு ஆறு பெண்கள் பிழைக்க வேண்டும். எலிசபெத்தின் பங்கு 1,000 பவுண்டு, அதாவது ஆண்டுக்கு 40 பவுண்டு. அதுவும் தாய் காலமான பிறகே கிடைக்கும். இந்தக் கணக்கை, வட்டி விகிதம் உட்பட, எலிசபெத்திடம் திருமணம் பேசும்போதே காலின்ஸ் சொல்லிவிடுகிறார். பெண் கேட்கப் போனவர் பேசும் பேச்சா இது என்று நமக்குச் சிரிப்பு வருகிறது. ஆனால் அவர் சொன்ன எண்ணில் பிழை எதுவும் இல்லை.

சார்லட்டின் நிலை இதைவிட மோசம். அவளுடைய தந்தை சர் வில்லியம் லூகஸ் மெரிட்டன் ஊரில் வணிகம் செய்து ஓரளவு சம்பாதித்தவர். மேயராக இருந்தபோது மன்னருக்கு வரவேற்புரை வழங்கியதற்காகச் 'சர்' பட்டம் கிடைத்தது. அதன் பிறகு கடைகண்ணி வைத்திருப்பது கௌரவக் குறைவு என்று எண்ணி வணிகத்தை விட்டுவிட்டு, ஊருக்கு வெளியே ஒரு வீட்டில் போய் உட்கார்ந்துகொண்டார். பிள்ளைகள் பலர், மகளுக்குக் கொடுப்பதற்கு அதிகமாக ஒன்றுமில்லை என்று நாவல் தெளிவாகச் சொல்கிறது. தந்தையின் பட்டத்துக்கான விலையில் ஒரு பகுதியை மகள்தான் கட்டினாள் என்பது என் கணிப்பு. சார்லட்டுக்கு வயது 27. அழகி என்று அவளை யாரும் சொல்வதில்லை.

படித்த நடுத்தரக் குடும்பத்துப் பெண் செய்யக்கூடிய வேலை, பெரும்பாலும் பணக்கார வீட்டில் தங்கிப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் ஆசிரியை வேலைதான். 1847இல் வெளிவந்த, சார்லட் பிரான்டேயின் 'ஜேன் அயர்' நாவலில் ஜேனுக்குத் தோர்ன்ஃபீல்டில் கிடைக்கும் சம்பளம் ஆண்டுக்கு 30 பவுண்டு. சாப்பாடும் தங்குமிடமும் அதோடு சேரும். முதுமைக்கு எந்த ஏற்பாடும் கிடையாது. இல்லையென்றால் சகோதரர்களின் தயவில் கடைசிவரை ஒண்டியிருக்க வேண்டும்.

இனி காலின்ஸ் கொண்டுவருவதைப் பார்க்கலாம்.

1. கென்ட் மாவட்டத்து ஹன்ஸ்ஃபர்டில் பாதிரியார் பதவியும் அதற்குரிய வீடும். இந்தப் பதவியை வழங்கும் உரிமை லேடி கேத்தரின் என்ற சீமாட்டிக்கு உரியது. ஒருமுறை முறைப்படி அமர்த்தப்பட்டுவிட்டால் பாதிரியாருக்கு அது ஆயுள்காலப் பதவி. கொடுத்தவரே நினைத்தாலும் எளிதில் பறித்துவிட முடியாது. அப்படியிருந்தும் காலின்ஸ் ஏன் அந்த அம்மாளுக்கு அப்படிக் குழைகிறார் என்றால், ஒருவர் ஒன்றுக்கு மேற்பட்ட பதவிகளையும் பெறக்கூடிய காலம் அது என்பதை நினைத்துக்கொள்ள வேண்டும். கதையின் முடிவில், லேடி கேத்தரினைவிட அவருடைய சகோதரி மகன் டார்சியிடம் கொடுப்பதற்கு அதிகம் இருக்கிறது, அவர் பக்கம் நில்லும் என்று பென்னட் காலின்ஸுக்குக் குறும்பாகக் கடிதம் எழுதுவது இதைத்தான் குறிக்கிறது.

2. பென்னட்டின் காலத்துக்குப் பிறகு லாங்போர்ன் பண்ணை.

3. ஒரு வீட்டின் தலைவி என்ற நிலை.

இவற்றில் இரண்டாவதுதான் உண்மையான காப்பு. பாதிரியார் வீடு பதவியோடு சேர்ந்தது. கணவர் இறந்தால் அடுத்து வருபவருக்காக விதவை வீட்டைக் காலிசெய்ய வேண்டும். ஆஸ்டனுக்கு இது ஏட்டறிவு அன்று. அவருடைய தந்தை ஜார்ஜ் ஆஸ்டனும் பாதிரியார்தான்; 1801இல் பொறுப்பை மூத்த மகனிடம் விட்டுவிட்டுக் குடும்பத்தோடு பாத் நகருக்குப் போனவர், 1805 ஜனவரியில் காலமானார். அதன் பிறகு தாயும் இரு மகள்களும் ஆண்பிள்ளைகள் அனுப்பிய தொகையை எதிர்பார்த்து, நிலையான வீடின்றிச் சில ஆண்டுகள் கழிக்க நேர்ந்தது. நிச்சயதார்த்தம் முடிந்த கையோடு சார்லட்டின் தாயார், பென்னட் இன்னும் எத்தனை ஆண்டு உயிரோடு இருப்பார் என்று கணக்குப் போடத் தொடங்குவதை இந்தப் பின்னணியில் படித்தால், அதில் பேராசையோடு பயமும் கலந்திருப்பது தெரியும். அதே வீட்டில் தங்கைகள், அக்கா போய்விட்டால் தாங்கள் ஓரிரு ஆண்டு முன்னதாகவே விருந்துகளுக்குப் போகத் தொடங்கலாம் என்று மகிழ்கிறார்கள். தம்பிகள், அக்கா கன்னியாகவே செத்துத் தங்கள் தலையில் விழுவாள் என்ற கவலை தீர்ந்தது என்று நிம்மதியடைகிறார்கள். ஒரே பத்தியில் ஒரு குடும்பமே வரவுசெலவுப் புத்தகம் எழுதி முடித்துவிடுகிறது.

இருண்ட அறையின் காரணம்

ஒப்பந்தத்தில் சார்லட் தர வேண்டியது என்ன? காலின்ஸோடு நாள்தோறும் வாழ்வதுதான். இதை அவள் எப்படிச் சமாளிக்கிறாள் என்பதில்தான் நாவலின் மிக நுட்பமான பகுதி இருக்கிறது.

மார்ச் மாதம் ஹன்ஸ்ஃபர்டுக்கு விருந்தாளியாகப் போகும் எலிசபெத்துக்கு முதலில் ஒன்று புரிவதில்லை. சாப்பாட்டறை பெரியது, வெளிச்சமானது, ஜன்னலில் பார்க்க நல்ல காட்சி உள்ளது. அதை விட்டுவிட்டுச் சார்லட் எதற்காகப் பின்பக்கத்து அறையில் பெண்களோடு உட்கார்ந்திருக்கிறாள்? சில நாட்களில் காரணம் பிடிபடுகிறது. காலின்ஸின் வாசிப்பறை சாலையைப் பார்த்து இருக்கிறது. போகிற வருகிற வண்டிகளையெல்லாம் அங்கிருந்தே பார்த்துக்கொண்டிருப்பது அவருக்குப் பிடிக்கும். மனைவி உட்காரும் அறையும் அதே அளவு கலகலப்பாக இருந்தால் அவர் தம் அறையில் இருக்கமாட்டார், இங்கே வந்து உட்கார்ந்துவிடுவார். ஆகவே அவள் நல்ல அறையைத் துறந்து தனிமையை வாங்கிக்கொள்கிறாள். தோட்ட வேலை உடம்புக்கு நல்லது என்று அவரை ஊக்குவிப்பதும் இதே கணக்கில்தான். அவர் அசட்டுத்தனமாக எதையாவது உளறும்போது, பெரும்பாலும் அவள் காதில் அது விழுவதே இல்லை.

அன்பில்லாத மணவாழ்வை எழுதவந்த பலர் கண்ணீரையும் கள்ளக்காதலையும் எழுதினார்கள். ஆஸ்டன் அறைகளை ஒதுக்கீடு செய்து காட்டினார். எனக்கு இது அவற்றையெல்லாம்விடத் துல்லியமாகத் தோன்றுகிறது.

திரைக்கு வந்தபோது

அ) 1940, எம்ஜிஎம் திரைப்படம். ஹாலிவுட்டின் தணிக்கை விதிகள் மதகுருமார்களைக் கேலிப் பாத்திரங்களாகக் காட்டத் தடை விதித்திருந்ததால், காலின்ஸ் பாதிரியார் பதவியை இழந்து லேடி கேத்தரினின் நூலகர் ஆகிவிட்டார். பார்க்க இது சிறு மாற்றம்தான். ஆனால் ஆயுள்காலப் பதவி, சம்பளத்துக்கு வைத்திருக்கும் வேலையாகச் சுருங்கிவிடுகிறது. சார்லட் பெறும் பாதுகாப்பில் பாதி காணாமல் போகிறது.

ஆ) 1995, பிபிசியின் ஆறு பகுதித் தொடர். திரைக்கதை ஆண்ட்ரூ டேவிஸ். நேரம் தாராளமாக இருந்ததால் ஹன்ஸ்ஃபர்டு வீட்டின் அன்றாடம் இதில் இடம்பெற்றது. தானும் கணவரும் ஒரு நாள் முழுவதிலும் சில நிமிடங்களே சேர்ந்திருக்கும்படி ஆகிவிடுவதுண்டு என்றும், அந்தத் தனிமையைத் தன்னால் மகிழ்ச்சியாகவே தாங்கிக்கொள்ள முடிகிறது என்றும் சார்லட் சொல்கிறாள். நாவலில் எலிசபெத் மௌனமாக ஊகித்ததை இங்கே சார்லட்டின் வாயாலேயே சொல்லவைத்திருக்கிறார்கள். திரையில் அதற்கு வேறு வழி குறைவு.

இ) 2005, ஜோ ரைட் இயக்கிய திரைப்படம். இன்றைய விவாதங்களில் பெரும்பாலானவை இதிலிருந்தே கிளம்புகின்றன. ஊஞ்சலில் இருக்கும் எலிசபெத்திடம் வந்து நிச்சயதார்த்தச் செய்தியைச் சொல்லும் சார்லட், தனக்கு 27 வயது, பணமில்லை, எதிர்காலமில்லை, பெற்றோருக்கு ஏற்கெனவே பாரம், தனக்குப் பயமாக இருக்கிறது என்று குரல் நடுங்கச் சொல்கிறாள். உருக்கமான காட்சி. ஆனால் நாவலின் சார்லட் பயப்படுவதாகச் சொல்வதே இல்லை. தான் காதல் கற்பனைகள் உள்ளவள் அல்லள், என்றைக்கும் இருந்ததில்லை, வசதியான ஒரு வீட்டைத்தான் கேட்கிறாள், பெரும்பாலோருக்கு உள்ள அளவு இன்ப வாய்ப்பு தனக்கும் இருக்கிறது என்று நிதானமாகச் சொல்கிறாள். நிதானத்தைப் பயமாக மாற்றியதால் பார்வையாளருக்கு அவள்மேல் இரக்கம் கூடியது. தோழியின் முடிவை ஏற்க முடியாமல் எலிசபெத்தோடு சேர்ந்து வாசகரும் திணறும் அந்தச் சங்கடம் குறைந்துபோனது. பயந்தவளை மன்னிப்பது எளிது. தெளிவோடு தேர்ந்தெடுத்தவளை என்ன செய்வதென்று தெரிவதில்லை.

காலத்தையும் இடத்தையும் மாற்றிய தழுவல்களுக்கு வேறொரு சிக்கல் உண்டு: என்டெய்ல் இல்லாத உலகில் காலின்ஸ் எதைக் கொண்டுவருவார்? குரிந்தர் சாதாவின் 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' (2004) படத்தில் அவர் லாஸ் ஏஞ்சல்ஸில் வாழும் கோஹ்லியாகி அமெரிக்க வாழ்க்கையைக் கொண்டுவருகிறார். தமிழ் எழுத்தில் ஒன்றாகத் தெரிந்தாலும் இங்கே தலைப்பின் முதல் சொல் மணமகளைக் குறிக்கும் 'Bride'. 2012-13இல் யூடியூபில் நூறு பகுதிகளாக வந்த 'த லிஸி பென்னட் டைரீஸ்' இன்னும் துணிந்து, திருமணத்தையே நீக்கிவிட்டு வேலைவாய்ப்பை வைத்தது: லிஸி (எலிசபெத்) படிப்பை முடிக்க வேண்டும் என்று மறுக்கும் வேலையைச் சார்லட் ஏற்றுக்கொள்கிறாள். என் பார்வையில் மூலத்தின் கணக்குக்கு மிக அருகில் வருவது இதுதான். பிடிக்காத முதலாளியிடம் சம்பளத்துக்காக இருப்பவரை இன்று யாரும் துரோகி என்று சொல்வதில்லை.

ஆண்களின் வசதிக் கல்யாணம்

இத்தகைய திருமணத்தைப் பெண்களின் கதையாக மட்டும் பார்ப்பது பழக்கமாகிவிட்டது. 1811இல் வெளிவந்த ஆஸ்டனின் 'சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி'யில் மேரியான் மீது காதல் கொண்ட வில்லபி, கடன் கழுத்தை நெரிக்கவே 50,000 பவுண்டு வைத்திருக்கும் மிஸ் கிரேயை மணந்துகொள்கிறான். இதன் தமிழ்த் தழுவலான 'கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்' (2000) படத்தில் கடன், மூழ்கிய நிதி நிறுவனமாக மாறுகிறது. கைதூக்கிவிடும் அமைச்சரின் மகளை ஸ்ரீகாந்த் மணக்க ஒப்புக்கொள்கிறான். ஒப்பந்தத்தின் சரத்து சிதையாமல் இடம்பெயர்ந்த தழுவல் அது. 'ஜேன் அயர்' நாவலின் நாயகன் ரோச்செஸ்டரும் முதலில் 30,000 பவுண்டுக்காகவே மணமுடித்துவைக்கப்பட்டவர்.

வில்லபியைக் கயவன் என்கிறோம், சார்லட்டை அப்படிச் சொல்வதில்லை. அவனுக்கு வேறு வழிகள் இருந்தன, கடனும் அவனே வாங்கியது. கூடவே அவன் ஒருத்தியின் மனத்தை உடைத்துவிட்டுப் போகிறான். சார்லட் யாரையும் கைவிடவில்லை.

அவள் கணக்கு தப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதற்கும் இலக்கியத்தில் விடை இருக்கிறது. ஜார்ஜ் எலியட்டின் 'டேனியல் டெரோண்டா' (1876) நாவலில், குடும்பத்தின் பணம் மூழ்கிப்போனதும் ஆசிரியை வேலைக்குப் போக மனமில்லாத குவெண்டோலன், கிராண்ட்கோர்ட் என்ற செல்வந்தரை மணக்கிறாள். அவரை ஆட்டிவைக்கலாம் என்பது அவள் கணக்கு, ஆட்டிவைக்கப்பட்டவள் அவளே. 2002ஆம் ஆண்டுத் தொலைக்காட்சி வடிவத்துக்கும் திரைக்கதை எழுதியவர் ஆண்ட்ரூ டேவிஸ்தான். காலின்ஸ் அசடு, ஆனால் கொடியவர் இல்லை. சார்லட் அதையும் எடைபோட்டுத்தான் பார்த்திருப்பாள் என்று நினைக்க இடமிருக்கிறது.

ஆஸ்டன் யார் பக்கம்?

1802 டிசம்பர் 2 அன்று மேனிடவுன் பண்ணையின் வாரிசான ஹாரிஸ் பிக்-விதர் ஆஸ்டனிடம் திருமணம் பேசினார். ஆஸ்டன் அன்று மாலை சம்மதித்து, மறுநாள் காலையில் சம்மதத்தைத் திரும்பப் பெற்றார். அப்போது அவருக்கு 27 வயது நிறைய இரண்டு வாரமே இருந்தது. சார்லட்டின் வயதும் அதுவே. ஆனாலும் நாவலின் முதல் வரைவு 1796-97இலேயே எழுதப்பட்டுவிட்டதால், இரண்டையும் நேராக முடிச்சுப்போடுவது சரியாகாது.

கடிதங்களிலும் அவர் ஒரு பக்கம் சாய்வதில்லை. அண்ணன் மகள் ஃபேனி நைட்டுக்கு 1814இல் எழுதியபோது, அன்பில்லாமல் மணப்பதைவிட வேறு எதையும் சகித்துக்கொள்ளலாம் என்றார். அதே ஃபேனிக்கு 1817இல் எழுதியபோது, தனித்திருக்கும் பெண்களுக்கு ஏழையாகிவிடும் பயங்கரமான போக்கு ஒன்று இருக்கிறது, திருமணத்துக்கு ஆதரவான வலுவான வாதங்களில் அதுவும் ஒன்று என்றார்.

எலிசபெத் ஹன்ஸ்ஃபர்டை விட்டுக் கிளம்பும் காட்சியிலும் ஆஸ்டன் தீர்ப்பு எழுதவில்லை. தோழியை இப்படிப்பட்ட துணையோடு விட்டுப்போக எலிசபெத்துக்கு வருத்தமாக இருக்கிறது. ஆனால் சார்லட் கண்ணைத் திறந்துகொண்டே தேர்ந்தெடுத்தவள், யாருடைய இரக்கத்தையும் கேட்பவளாகத் தெரியவில்லை. வீடு, வீட்டு நிர்வாகம், பங்கு மக்கள், கோழிகள் ஆகியவற்றில் அவளுக்கிருந்த ஈர்ப்பு 'இன்னும்' குறையவில்லை என்று அந்தப் பத்தி முடிகிறது. அப்போது அவளுக்குத் திருமணமாகிச் சில மாதங்களே ஆகியிருந்தன.